பியானோவுக்கு இடதுபுறம் ஒரு நாற்காலி

பியானோ வாசிப்பவருக்குப் பக்கம் புரட்டிக் கொடுக்கிறவர் அவருக்கு இடதுபுறம், சற்றுப் பின்னால் தள்ளி உட்கார வேண்டும். எழுந்து நின்று, வலதுபக்கத் தாளின் மேல் முனையை இடது கையால் பிடிக்க வேண்டும். அப்போதுதான் சட்டைக்கை வாசிப்பவரின் கண்ணை மறைக்காது. தாளைத் திருப்பும்போது சத்தம் வரக்கூடாது. திருப்பிய பிறகு மறுபடி உட்காரும்போதும் சத்தம் வரக்கூடாது.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் என் மனைவி. நான் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவன். மேற்கத்திய இசைக்குறிப்பு எனக்குப் படிக்கத் தெரியாது. இன்றும் தெரியாது. அந்தத் தகுதியால்தான் எனக்கு இந்தப் பக்கம் புரட்டும் வேலை கிடைத்தது.

அவள் பாறசாலைக்குத் தெற்கே, எல்லையை ஒட்டிய ஊர்க்காரி. அவளுடைய அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் ஆர்மோனியம் வாசித்தவர். அங்கே தொடங்கி, சென்னையில் படித்து, பிறகு வெளிநாட்டில் ஒரு குளிர்ந்த நகரத்தில் சில ஆண்டுகள் பயின்றுவிட்டுத் திரும்பினாள். மும்பை, கொல்கத்தா, கொழும்பு என்று மேடைகளில் தனியாக வாசித்தாள். என் வீடு கரமனை அக்ரஹாரத்தில். எங்கள் முன்னோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். எங்கள் கல்யாணத்தைப் பற்றி இரண்டு வீட்டிலும் போதிய அளவு பேசியாகிவிட்டது. இங்கே அது வேண்டாம்.

இப்போது நாங்கள் பூஜப்புரைப் பக்கம் குடியிருக்கிறோம். முன்னறை முழுவதும் அவளுடைய பியானோ. இந்த ஊர் ஈரத்துக்கு மரக்கட்டைகள் ஊதி, அழுத்திய கட்டை மேலே எழாமல் அப்படியே நின்றுவிடும். அந்த ஈரம் காய்வதற்காகப் பியானோவின் அடிப்பெட்டிக்குள் ஒரு சின்ன பல்பு மாட்டி வைத்திருக்கிறாள். மழைக்காலம் முழுவதும் அது இரவும் பகலும் எரியும். வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போகும்போது விளக்கு, விசிறி, கேஸ் எல்லாவற்றையும் நான் அணைத்துச் சரிபார்ப்பேன்; அந்த பல்பை மட்டும் எரிகிறதா என்று சரிபார்ப்பேன்.

மாலையில் வகுப்புகள். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள்தான் அதிகம். பெற்றோருக்கு எப்போதும் அவசரம். ஒருமுறை ஒரு தாய் கேட்டாள்: “டீச்சர், மோளு எட்டாவது கிரேடு பரீட்சை எப்ப முடிப்பா?”

“முதல்ல ஸ்டூல்ல நேரா உக்காரட்டும். பின்ன எட்டு பாக்கலாம்.”

பிள்ளைகளுக்கு அவளிடம் பயம் கிடையாது. தோளை இறக்கு, மூச்சை விடு, யாரும் துரத்தவில்லை என்று மூன்று மொழிகளில் மாறிமாறிச் சொல்லிக்கொண்டிருப்பாள். அடுத்த அறையில் நாளிதழ் படிக்கும் நானே பல தடவை தோளை இறக்கியிருக்கிறேன்.

ஆனால் மேடையில் அவள் வாசித்து வருடங்கள் ஆகியிருந்தன. காரணம் எனக்குத் தெரியும். அவள் கடைசியாக மேடையேறிய அன்று அந்த மும்பை அரங்கில் நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன்.

அன்று அவள் வாசித்தது ஒரு சொனாட்டா. மூன்று பகுதிகள். நடுப்பகுதி மிக மெதுவானது. அதில் ஒரு மெட்டு இரண்டு முறை வரும். இரண்டு முறையும் ஒரே மாதிரி தொடங்கி ஒரே மாதிரி நடக்கும். முதல் முறை அது உள்ளே திரும்பிவிடும்; இரண்டாம் முறை முடிவை நோக்கி வெளியே போய்விடும். பிரிகிற இடத்தில் ஒரே ஒரு சுரம்தான் வித்தியாசம். தனிக் கச்சேரி செய்கிற பியானோக்காரர்கள் புத்தகம் இல்லாமல் மனப்பாடமாக வாசிப்பதுதான் வழக்கம். அவளும் அப்படித்தான் வாசித்தாள். இரண்டாம் முறை மெட்டு வந்தபோது, இது முதலாவதா இரண்டாவதா என்ற சந்தேகம் வந்துவிட்டது. உள்ளே திரும்பினாள். மறுபடி மெட்டு வந்தது. மறுபடி உள்ளே போனாள். கடைசியில் ஏதோ ஓர் இடத்தில் இரண்டு கையையும் அழுத்தி நிறுத்திவிட்டு எழுந்து வணங்கினாள். சபை கைதட்டியது. முக்கால்வாசிப் பேருக்கு எதுவும் தெரியவில்லை.

“தம்பானூர் பஸ் ஸ்டாண்ட சுத்தின மாதிரி சுத்திக்கிட்டே இருந்தேன். வெளிய போற ரோடு மட்டும் காணல்ல” என்று ரயிலில் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதற்குப் பிறகு வந்த ஒவ்வோர் அழைப்பையும் ஒவ்வொரு காரணம் சொல்லி மறுத்துவிட்டாள்.

போன வருடம் நகரத்தில் ஒரு சிறிய அரங்கத்துக்கு யாரோ புண்ணியவான் பெரிய கிராண்ட் பியானோ ஒன்றைக் கொடுத்தார். அங்கே நிகழ்ச்சி நடத்தும் சபையின் செயலாளர் வீடு தேடி வந்தார். சாலைக் கடைத்தெருவில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பம். கர்நாடக இசைக் கச்சேரி நடத்திப் பழகியவர். பியானோ அவருக்குப் புதிது.

“டீச்சரே, இத்ர நல்ல பொட்டிய சும்மா மூடி வச்சிருக்கது பாவமாக்கும். நீங்க ஒண்ணு வந்து தொடங்கி வைக்கணும்.”

“நான் இப்ப வாசிக்கியது இல்ல. கிளாஸ் மட்டும்தான்.”

“சும்மா வந்து பாருங்க. வாசிக்காண்டாம். பாத்தா மதி.”

பார்க்கப் போனாள். நான் வெளியே காரில் காத்திருந்தேன். திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். வழுதக்காடு சிக்னலில் வண்டி நின்றது. பிறகு, “அந்த பியானோ கொள்ளாம்” என்றாள். அவள் ஊர்த் தமிழில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

வீட்டுக்கு வந்து காப்பி குடிக்கும்போது முடிவைச் சொன்னாள். அதே சொனாட்டாவை வாசிப்பாள். ஆனால் புத்தகத்தை முன்னால் வைத்துக்கொண்டு வாசிப்பாள். அப்படிச் சொல்வது அவளுக்கு எளிதாக இருக்கவில்லை என்பது கரண்டியைக் கழுவிய இடத்திலேயே மறுபடி கழுவியதில் தெரிந்தது.

“இதிலயும் வழி தெத்திச்சுன்னா பின்ன மேடை கிடையாது கேட்டீங்களா. அத மனசுல வச்சுக்கிடுங்க. ஆறுதல் சொல்லிக்கிட்டு வரக்கூடாது.”

“சரி. பக்கம் யார் பொரட்டுவா?”

“நீங்க.”

“நானா? எனக்கு ஒரு எழுத்து படிக்கத் தெரியாதே. நன்னா வாசிக்கற ஸ்டூடண்ட் யாரையாவது...”

“படிக்கத் தெரிஞ்சவங்க பக்கத்துல இருந்தா எனக்கு முன்னாடி அவங்க மனசுல வாசிச்சிட்டுப் போவாங்க. அது எனக்குத் தெரியும். நான் அவங்களத் துரத்திக்கிட்டுப் போணும். நீங்க சும்மா இருப்பீங்க.”

என் அக்கா இதைக் கேட்டு ஒரு வாரம் சிரித்தாள். அவள் இன்னும் கரமனையில்தான் இருக்கிறாள். சபைக் கச்சேரி ஒன்று விடமாட்டாள். “ஏண்டா, ஒன் ஆம்படையா வாசிப்பா, நீ பக்கத்துல தேமேன்னு உக்காந்துண்டு தாள் பொரட்டுவயாக்கும்? தம்புராவாவது போடலாமோன்னோ? சுருதியாவது சேரும்.”

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. எனக்கு வரைபடம் படிக்கத் தெரியும். அந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் ஓர் ஊரின் வரைபடம் போலப் பார்த்து வைத்துக்கொண்டேன். இங்கே கறுப்பாக அடர்ந்திருக்கும், இங்கே வெட்டவெளி, இந்த மூலையில் குன்று மாதிரி ஏறி இறங்கும். எழுந்திருக்க வேண்டிய இடத்தில் அவள் தலையை அசைப்பாள் என்பது ஏற்பாடு. சில வாரங்களில் தலையசைப்புக்கு முன்பே நான் எழுந்து நின்றிருந்தேன்.

பயிற்சியில் எனக்கு நிறைய திட்டு. சபைகளில் வளர்ந்தவன் ஆனதால் கை தானாகத் தொடைக்குப் போய்விடும்.

“தாளம் போடாதீங்க.”

“போடலையே.”

“விரல் ஆடுது.”

நடுப்பகுதியின் அந்த மெட்டு வரும்போது ஒருமுறை என்னை அறியாமல் “பலே” என்று சொல்லிவிட்டேன். அவள் வாசிப்பதை நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்து, “ஆமா, நீங்க என் பக்கத்துல நாற்காலியாக்கும். நாற்காலி பேசாது” என்றாள். கச்சேரிக்குக் கஞ்சி போட்ட வேட்டி கட்டலாம் என்று நினைத்திருந்தேன். எழுந்து உட்காரச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, சரசரவென்று சத்தம் வருகிறது, வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். கைக்கடிகாரமும் வேண்டாம்.

அந்த மெட்டைப் பொறுத்தவரை எனக்கு விதி எளிமையானது. முதல் முறை வரும்போது அது வலதுபக்கத்தின் நடுவில் இருக்கிறது, உட்கார்ந்திருக்கலாம். இரண்டாம் முறை வரும்போது பக்கத்தின் கடைசி வரியில் தொடங்கி அடுத்த பக்கத்துக்குப் போகிறது. மெட்டு தொடங்கியதும் எழ வேண்டும். வழி பிரியும் சுரம் புரட்டிய பிறகு வருகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அடுத்த அறையில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன். அவள் தனியாகப் பழகிக்கொண்டிருந்தாள். வாசிப்பு நின்று சிரிப்புச் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால், நான் நாளிதழோடு எழுந்து நின்றுகொண்டிருக்கிறேன். அவள் கதவு வழியாகப் பார்த்துவிட்டாள்.

“உக்காருங்க. சிறப்பு விருந்தினர் யாரும் வரல்ல.”

கச்சேரி அன்று காலையில் அரங்கத்தில் ஒத்திகை பார்த்தோம். ஒரு குறைதான். மேடை விளக்கின் வெளிச்சம் இடதுபுறத்திலிருந்து வந்தது. நான் எழுந்து நிற்கும்போதெல்லாம் என் நிழல் கட்டைகள் மேல் விழுந்தது. விளக்கை மாற்ற முடியாது என்று செயலாளர் வருந்தினார். “போகட்டு. நெழலுதானே” என்று விட்டுவிட்டாள். பிறகு அவரிடம் ஒரே ஒரு விண்ணப்பம் வைத்தாள். சொனாட்டாவின் பகுதிகளுக்கு நடுவில் இடைவெளி வரும். அப்போது கைதட்ட வேண்டாம் என்று சபையிடம் சொல்லிவிட வேண்டும்.

“டீச்சர் கவலைப்படாண்டாம். ஒரு ஈ அனங்காது. அது நான் ஏற்றேன்.”

சொன்னபடியே செய்தார். மாலையில் ஒலிபெருக்கியில் தமிழிலும் மலையாளத்திலும் தெளிவாக அறிவித்தார். வெளியே மழை. அரங்கம் நிறைந்திருந்தது. கழக்கூட்டத்துப் பெற்றோர்கள் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். முதல் வரிசையில் அக்காவும், அவளுக்குப் பக்கத்தில் சிறப்பு விருந்தினரான ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரும். விருந்தினரின் வண்டிக்கு இடம் வேண்டும் என்று என் கார்ச் சாவியை வாங்கிக்கொண்டு போன செயலாளர் அதை இன்னும் திருப்பித் தரவில்லை.

முதல் பகுதி நன்றாகப் போயிற்று. நான் எழுந்தேன், புரட்டினேன், உட்கார்ந்தேன். அவளுடைய தோள் இறங்கியிருந்தது. அதைப் பார்த்து என் தோளும் இறங்கியது. பகுதி முடிந்தது. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். யாரும் கைதட்டவில்லை. ஓர் ஈ அசையவில்லை.

அந்த நிசப்தத்தில் செயலாளர் மேடைக்கு ஏறி வந்தார். கையில் பொன்னாடை.

எங்கள் ஊர்ச் சபைகளில் இது ஒன்றும் அதிசயமில்லை. கச்சேரி நடுவில், மிருதங்கக்காரரின் தனி ஆவர்த்தனம் முடிந்ததும், பாடகர் மேடையில் உட்கார்ந்திருக்கும்போதே மரியாதை செய்துவிடுவார்கள். சிறப்பு விருந்தினருக்கு அதற்குப் பிறகு எப்போதும் வேறொரு நிகழ்ச்சி இருக்கும். இத்தனை அமைதியான ஓர் இடைவெளி கிடைத்தால் எந்தச் செயலாளரும் விடமாட்டார்.

“டீச்சரே, ஒரு மினிட்டு. சாருக்கு வேற ஒரு பரிபாடிக்குப் போணும்.”

அவள் எழுந்து நின்றாள். வேறு என்ன செய்ய முடியும்? விருந்தினர் பொன்னாடை போர்த்தினார். பூங்கொத்து கொடுத்தார். மரத்தில் செதுக்கிய யானை ஒன்று கொடுத்தார். தம் சிறு வயதில் ஒரு ஆர்மோனியம் பார்த்ததைப் பற்றி விரிவாகப் பேசினார். புகைப்படக்காரர் கையைக் காட்டி, புத்தகத் தாங்கி முகத்தை மறைக்கிறது என்றார். செயலாளர் உடனே புத்தகத்தை எடுத்து மூடி, தாங்கியை மடக்கினார். படம் எடுத்தார்கள். பரிசுகளை ஒரு பெரிய பையில் போட்டு முன்கூட்டியே கலைஞரின் வண்டியில் வைத்துவிடுவது அந்தச் சபையின் நல்ல பழக்கம், கூட்டத்தில் தொலையாது. பூங்கொத்து, யானை, புத்தகம் மூன்றும் பைக்குள் போயின. பை மழையில் குடை பிடித்துக்கொண்டு என் காருக்குப் போயிற்று.

நானும் அவளும் விருந்தினரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம். மேடை காலியானதும் உட்கார்ந்தோம். அப்போதுதான் பார்த்தோம்.

“புக் எங்க?” என்றேன் மெதுவாக.

அவள் மடங்கிக் கிடந்த தாங்கியைப் பார்த்தாள். பிறகு பக்கவாட்டு இருட்டைப் பார்த்தாள். செயலாளர் அங்கே நின்று, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்ற முகத்தோடு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

நான் எழப்போனேன். அவள் இடது கையால் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

“எழும்பாதீங்க. நீங்களும் போயிட்டா நான் ஒத்தைக்கு இருக்கணும்.”

பொன்னாடையைத் தோளிலிருந்து எடுத்து என் மடியில் வைத்தாள். பிறகு நடுப்பகுதியை ஆரம்பித்தாள்.

புரட்டப் பக்கம் இல்லாமல், பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். முதல் முறை மெட்டு வந்தது. அவள் உள்ளே திரும்பினாள், அது சரி. நான் அதற்குப் பிறகு அவளுடைய கைகளைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்பகுதி நீளமானது. அதற்கு நடுவில் எங்கேயோ எனக்கு மும்பையும் மறந்தது, புத்தகம் காரில் இருப்பதும் மறந்தது. வீட்டு முன்னறையில் இருப்பது போல இருந்தது. அவள் மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தாள், வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

இரண்டாம் முறை மெட்டு தொடங்கியது. நான் எழுந்து நின்றேன்.

பொன்னாடை தரையில் விழுந்தது. இடது கை தானாக உயர்ந்து, தாளின் மேல் முனை இருக்க வேண்டிய இடத்துக்குப் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. உட்காரவும் தைரியம் வரவில்லை, நாற்காலி கிரீச்சிட்டால்? கையை இறக்கவும் தோன்றவில்லை. முன்வரிசையில் அக்காவின் வாய் திறந்திருந்ததைப் பார்த்தேன். பக்கம் திரும்பியிருக்க வேண்டிய இடம் கடந்தது. வழி பிரியும் இடம் வந்தது. அந்த ஒற்றைச் சுரம் எனக்கே கேட்டது. அவள் வெளியே போனாள்.

நான் மெதுவாக உட்கார்ந்தேன். மூன்றாம் பகுதி வேகமானது. அதை அவள் வாசித்த விதத்தைப் பற்றி எழுத எனக்குப் போதிய அறிவு இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: என் விரல் முழு நேரமும் தொடையில் தாளம் போட்டது. அவள் ஒன்றும் சொல்லவில்லை.

முடிந்ததும் கைதட்டல் நிற்கவில்லை. செயலாளர் ஓடி வந்து சாவியைக் கொடுத்தார். அவர் முகத்தில் ஒரே ஒரு வருத்தம்தான் இருந்தது. “அடிபொளி, டீச்சரே! இன்னொரு பொன்னாடயும் வாங்கி வச்சிருக்கணும். தெரியாமப் போச்சு.” அவரிடம் புத்தகத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். அக்கா என்னைத் தனியாக இழுத்தாள்.

“பொஸ்தகமே இல்லே, எழுந்து நின்னு கையத் தூக்கிண்டு என்னடா பண்ணினே? கற்பூரம் காட்றாப்ல இருந்துது.”

காரில் ஏறியதும் மனைவி பின்சீட்டிலிருந்து பையை இழுத்து, யானையை என் மடியில் வைத்து, புத்தகத்தை எடுத்தாள். அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“என்னத்துக்கு எழும்பினீங்க?”

“தெரியல. புக் இல்லைங்கறது மறந்தே போச்சு.”

“எனக்கு ரெண்டாம் தடவ மெட்டு வந்தப்ப அதே சந்தேகம் வந்துட்டுது. ஒண்ணாவதா, ரெண்டாவதா? அதே மாதிரி. கை போய்க்கிட்டே இருக்கு, மனசு நின்னுட்டுது. அப்ப கட்டை மேல நெழலு விழுந்தது.” புத்தகத்தை மூடினாள். “சரி, மனுசன் எழும்பியாச்சு. அப்ப ரெண்டாவதுதான். வெளிய போயிடலாம்னு போயிட்டேன்.”

கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது.

“புக் இல்லைன்னு ஞாபகம் இருந்திருந்தா உக்காந்தே இருந்திருப்பேன்” என்றேன்.

“அதாக்கும். நல்லவேளை, மறதி இன்னைக்கு உங்களுக்கு வந்துது.” சிரித்தாள். பிறகு கொஞ்சம் அழுதாள். பிறகு, பசிக்கிறது, எங்கேயாவது தோசை கிடைக்குமா பார்க்கலாம் என்றாள்.

பொன்னாடை இப்போது வீட்டுப் பியானோவில் தூசி விழாமல் இருக்க அதன் மேல் கிடக்கிறது. யானை அதற்கு மேலே நிற்கிறது. பிள்ளைகள் அதன் தும்பிக்கையைத் தொட்டுவிட்டுத்தான் ஸ்டூலில் உட்காருகிறார்கள்.

போன வாரம் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். மழை முடிந்ததும் இன்னொரு கச்சேரி வேண்டுமாம். அவள் உடனே சரி என்றாள். எந்தத் தேதி என்றுகூடக் கேட்கவில்லை. மறுமுனையில் அவர் ஒரு சந்தேகம் கேட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

“டீச்சர், புக் வைக்கிற ஸ்டாண்டு ரெடியா வைக்கட்டா?”

“வேண்டாம். மனப்பாடமா வாசிச்சுக்கிடுவேன்.”

“அப்ப சாருக்கு முன்வரிசையில ஒரு சீட்டு போடட்டா?”

“அதுவும் வேண்டாம். மேடையில எனக்கு எடது பக்கம் ஒரு நாற்காலி போடுங்க. கிரீச்சிடாத நாற்காலியாப் பாத்துப் போடுங்க.” பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே சேர்த்துக்கொண்டாள். “அந்த லைட்டையும் மாத்தாண்டாம். அங்கயே இருக்கட்டும்.”